கிட்டார் கலைஞர்கள் போய்க்கொண்டே இருந்த குழு: ஃப்ளீட்வுட் மேக் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃப்ளீட்வுட் மேக் என்றால் ‘ரூமர்ஸ்’ குழுதானே? அதிலிருந்து எந்தக் கிட்டார் கலைஞர் போனார்?

பலருக்கு இந்தக் குழுவின் கதை 1977-இல்தான் தொடங்குகிறது. அந்த ஆண்டு பிப்ரவரியில் வந்த ‘ரூமர்ஸ்’ உலகெங்கும் 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. ஆனால் அது குழுவின் பதினோராவது இசைத்தொகுப்பு. 1967-இல் லண்டனில் ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த இசை வகை) குழுவாகத் தொடங்கியவர்கள், அந்த இடத்துக்கு வருவதற்குள் ஐந்து கிட்டார் கலைஞர்களை இழந்திருந்தார்கள். 1970-இல் பீட்டர் கிரீன், 1971-இல் ஜெரமி ஸ்பென்சர், 1972-இல் டேனி கர்வன், 1973-இல் பாப் வெஸ்டன், 1974-இல் பாப் வெல்ச். ஆண்டுக்கு ஒருவர்! பிறகு 1987-இலும் 2018-இலும் லிண்ட்ஸி பக்கிங்ஹாம். ஒரு ராக் குழு தன் முதன்மைக் கிட்டாரை இழந்தால் என்ன ஆகும் என்று யாராவது கேட்டால், நான் முதலில் காட்டுவது இவர்களைத்தான்.

பீட்டர் கிரீன் அவ்வளவு பெரிய கலைஞரா?

ஆம். லண்டனின் பெத்னல் கிரீனில் 1946-இல் பிறந்தவர். ஜான் மேயாலின் ப்ளூஸ்பிரேக்கர்ஸ் குழுவை விட்டு, அன்றே புகழ்பெற்றிருந்த கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் 1966-இல் போனபோது அந்த இடத்துக்கு வந்தவர் இவர். இந்தக் கதையில் இது முக்கியமான செய்தி. கிளாப்டனைக் கேட்கக் காசு கொடுத்து வந்தவர்கள் முன்னால் இருபது வயதுகூட ஆகாத ஒருவர் நிற்க வேண்டியிருந்தது. அவர் கிளாப்டனைப் போல வாசிக்க முயலவில்லை. ஒரு சுரத்தைத் தொட்டுவிட்டு, அது அடங்கும் வரை பொறுத்திருந்து, அடுத்ததைத் தொட்டார். அந்த இடைவெளிதான் அவருடைய கையெழுத்து.

அவரிடம் 1959-ஆம் ஆண்டு கிப்சன் லெஸ் பால் கிட்டார் ஒன்று இருந்தது. தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் அதன் இரண்டு பிக்கப்புகளில் ஒன்றின் காந்தம் தலைகீழாகப் பொருந்தியிருந்தது. இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிடும்போது, தொலைவிலிருந்து யாரோ அழைப்பதைப் போன்ற ஒரு மெலிந்த குரல் அதிலிருந்து வரும். ‘பிளாக் மேஜிக் வுமன்’ பாடலை 1968-இல் எழுதியவர் அவர்தான். சந்தானாவின் பாடல் என்று பலர் நினைப்பது 1970-இல் வந்த மறுபதிவு. ‘ஆல்பட்ராஸ்’ என்ற பாட்டில்லாத இசைத்துண்டு 1969 ஜனவரியில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. கிரீனும் கர்வனும் இரு கிட்டார்களை ஒன்றோடொன்று இழைய விட, மிக் ஃப்ளீட்வுட் பஞ்சு முனைக் கோல்களால் டிரம்ஸை அலைபோல் உருட்டுவார். அந்த மூன்று நிமிடங்களைக் கேட்டவருக்கு, கிரீன் போனபோது குழு எதை இழந்தது என்று விளக்கத் தேவையில்லை.

அவர் ஏன் விலகினார்?

ஒற்றைக் காரணம் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. பணம் அவரை உறுத்தியது. சம்பாதித்ததைக் கொடுத்துவிட வேண்டும் என்று குழுவினரிடம் வாதாடினார். எல்எஸ்டி என்ற போதைப்பொருள் பழக்கமும் இருந்தது. 1970 மார்ச்சில் மியூனிக் நகரில் ஒரு விருந்துக்குப் போய் வந்த பிறகு அவர் பழைய மனிதராக இல்லை என்று மிக் ஃப்ளீட்வுட் சொல்லியிருக்கிறார். பிற்காலத்தில் அவருக்கு மனச்சிதைவு நோய் இருப்பதாக மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். அந்த ஒரே இரவுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று எழுதுவது கதைக்கு வசதியாக இருக்கலாம். நோயுற்ற ஒரு மனிதருக்கு அது நியாயம் ஆகாது.

ஒப்புக்கொண்ட கச்சேரிகளை முடித்துக் கொடுத்துவிட்டு 1970 மே மாதத்தில் போனார். அவருடைய ‘தி கிரீன் மனலிஷி’ அதே மாதம்தான் வெளிவந்தது. பிரிட்டன் பட்டியலில் பத்தாம் இடம் வரை ஏறியது. பாட்டு மேலே ஏறிக்கொண்டிருக்க, எழுதியவர் குழுவில் இல்லை.

அவர் போனதும் குழு என்ன செய்தது? உடனே வேறு ஆளைத் தேடினார்களா?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிப்பவர் இதைப் படிக்கட்டும்.

அன்று இங்கிலாந்தில் நல்ல ப்ளூஸ் கிட்டார் கலைஞர்களுக்குப் பஞ்சமில்லை. இன்னொருவரை அழைத்து, கிரீனின் பாடல்களையே வாசித்துக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யாமல் குடும்பங்களோடு ஹாம்ப்ஷயர் நாட்டுப்புறத்தில் ஒரு பழைய வீட்டுக்குப் போய் ஒன்றாகக் குடியிருந்தார்கள். பீருக்குப் போடும் ஹாப்ஸ் பூக்களை உலர்த்துவதற்காக ஒரு காலத்தில் கட்டப்பட்ட சூளை வீடு அது. அதனால்தான் அடுத்த தொகுப்புக்கு ‘கில்ன் ஹவுஸ்’ என்று பெயர்.

இருப்பவர்களிடம் என்ன இருக்கிறது என்று அங்கே எண்ணிப் பார்த்தார்கள். ஜெரமி ஸ்பென்சருக்கு, அமெரிக்க ப்ளூஸ் கலைஞர் எல்மோர் ஜேம்ஸ் பாணியில் தந்திமேல் குழாயை வழுக்கி வாசிக்கும் ஸ்லைடு கிட்டாரும், 1950-களின் ராக் அண்டு ரோலும் வரும். டேனி கர்வன் பதினெட்டு வயதில் குழுவுக்குள் வந்தவர். ப்ளூஸைவிட இனிமையான ராகங்களில் மனம் உள்ளவர். அது வரை கிரீனுக்குப் பக்கத்தில் நின்ற இருவர், இப்போது அவர் இல்லாமல் முன்னால் நின்று குழுவைச் சுமக்க வேண்டியிருந்தது. கர்வனுக்கு அந்தப் பாரம் அச்சமாகவே இருந்தது. அந்த அச்சம் அவரை விட்டுப் போகவே இல்லை என்பது என் எண்ணம்.

1970 செப்டம்பரில் வந்த அந்தத் தொகுப்பு கிரீனைப் போல ஒலிக்க ஓர் இடத்திலும் முயலவில்லை. பாதி பழைய ராக் அண்டு ரோல் மீதான காதல், பாதி கர்வனின் மென்மையான பாடல்கள். ஒட்டாத இடங்கள் உண்டு. ‘ஸ்டேஷன் மேன்’ பாடலைக் கேளுங்கள்: முன்பு ஒருவர் தனியாவர்த்தனம் வாசித்த இடத்தில் இப்போது பலர் சேர்ந்து பாடுகிறார்கள், தாளம் நிதானமாக நடக்கிறது. ஒரு கலைஞரின் குழு, கூட்டாக இயங்கும் குழுவாக மாறுவது காதில் விழுகிறது. ஐந்து ஆண்டுகள் கழித்து வந்த பக்கிங்ஹாமும் பாடகி ஸ்டீவி நிக்ஸும்கூட இந்தப் பாட்டை மேடையில் பாடினார்கள்.

கிறிஸ்டின் மெக்வீ எப்போது வந்தார்?

அதே கோடையில், அதே வீட்டில். பேஸ் கிட்டார் வாசித்த ஜான் மெக்வீயின் மனைவி அவர். சிக்கன் ஷாக் என்ற ப்ளூஸ் குழுவில் பாடிப் பெயர் வாங்கிவிட்டு, இசையை விட்டு ஒதுங்கி வீட்டில் இருந்தார். ‘கில்ன் ஹவுஸ்’ தொகுப்பின் அட்டைப் படத்தை வரைந்தவர் அவர்தான். அதில் வாசித்தும் இருக்கிறார், ஆனால் பெயர் போடவில்லை. சுற்றுப்பயணத்துக்கு முன் கீபோர்டு வாசிக்க ஆள் வேண்டும் என்று உணர்ந்தபோது, பாடல்கள் எல்லாம் தெரிந்த ஒருவர் வீட்டிலேயே இருந்தார்.

கிரீன் போனதால் நடுவில் ஒரு வெற்றிடம் விழுந்தது. அதை இன்னொரு கிட்டாரால் அடைக்காமல் கீபோர்டாலும் ஒரு பெண்குரலாலும் நிரப்பினார்கள். குழு பிழைத்ததற்கு இதுவே முதல் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கிட்டாருக்குப் பதில் கிட்டார் வந்தால் கேட்பவர் உடனே ஒப்பிடுவார். பியானோவை யாரும் பீட்டர் கிரீனோடு ஒப்பிட மாட்டார்கள்.

ஜெரமி ஸ்பென்சர் புத்தகக் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பவே இல்லையாமே, உண்மையா?

உண்மை. 1971 பிப்ரவரி, லாஸ் ஏஞ்சலிஸ். கச்சேரிக்காக வந்து இறங்கிய ஸ்பென்சர், புத்தகக் கடைக்குப் போய் வருவதாகச் சொல்லிவிட்டு விடுதியிலிருந்து கிளம்பினார். சில நாள் தேடலுக்குப் பிறகு ‘சில்ட்ரன் ஆஃப் காட்’ என்ற மதக் குழுவின் இருப்பிடத்தில் கண்டுபிடித்தார்கள். தலைமுடியை மழித்திருந்தார். திரும்பி வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

பயணம் இன்னும் பல வாரங்கள் மிச்சம். அப்போது அவர்கள் தொலைபேசியில் அழைத்தது பீட்டர் கிரீனை. அவரும் வந்தார்! பழைய பாடல்களை வரிசையாக வாசிக்க மாட்டேன், மேடையில் தோன்றுவதை வாசிப்போம் என்பது அவருடைய நிபந்தனை. டிக்கெட் வாங்கி வந்தவர்களுக்கு நீண்ட கற்பனை வாசிப்புதான் கிடைத்தது. பயணம் முடிந்தது, கிரீன் மறுபடியும் போய்விட்டார். அவரை நிரந்தரமாகத் திரும்பப் பெற முடியாது என்பது அந்த வாரங்களில் எல்லோருக்கும் தெளிவாகியிருக்கும்.

பாப் வெல்ச்சை வாசிக்கச் சொல்லிக் கேட்காமலே சேர்த்துக்கொண்டார்கள் என்பது சரியா?

சரி. கலிஃபோர்னியாக்காரரான வெல்ச் அப்போது பாரிஸில் கையில் காசில்லாமல் இருந்தார். குழு வாழ்ந்த வீட்டுக்கு வந்து சில நாட்கள் பேசிக்கொண்டிருந்தார், சேர்த்துக்கொண்டார்கள். அடுத்தடுத்து இரண்டு பேரை இழந்த ஒரு குடும்பம், விரல் வேகத்தைவிட இந்த ஆள் நம்மோடு தங்குவாரா என்பதைத்தான் பார்த்திருக்கிறது. எனக்கு இது மிகவும் புத்திசாலித்தனமான முடிவாகப் படுகிறது.

வெல்ச் கிரீனுக்கு எந்த வகையிலும் ஈடு அல்ல. ஈடாக இருக்க அவர் வரவும் இல்லை. ஜாஸ் சாயல் கொண்ட இசைவுகளையும், கனவில் நடப்பது போன்ற பாடல்களையும் கொண்டுவந்தார். 1973-இல் வந்த ‘ஹிப்னடைஸ்டு’ பாடலில் ஃப்ளீட்வுட்டின் டிரம்ஸ் சுழன்றுகொண்டே இருக்க, வெல்ச் தாழ்ந்த குரலில் பாட்டைப் பேசுவதுபோல் பாடுகிறார். ப்ளூஸுக்கும் ‘ரூமர்ஸ்’ காலத்துக்கும் நடுவே உள்ள பாலம் அது. 1998-இல் ராக் அண்டு ரோல் புகழ் மண்டபத்தில் குழுவைச் சேர்த்தபோது எட்டுப் பேரின் பெயர்கள் இடம்பெற்றன. வெல்ச்சின் பெயர் இல்லை. குழு உயிரோடு இருந்ததற்கே முக்கியக் காரணமான ஒருவரை விட்டுவிட்டார்கள். எனக்கு இதில் இன்றும் ஆற்றாமை உண்டு.

டேனி கர்வனை நீக்கியது சரியா?

1972 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஒரு கச்சேரிக்கு முன் தன் கிட்டாரை உடைத்துவிட்டு மேடையேற மறுத்தார். மற்றவர்கள் அவர் இல்லாமல் தடுமாறி வாசித்தார்கள். அவர் அரங்கிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதோடு நீக்கப்பட்டார். குழுவுக்கு வேறு வழி இருந்திருக்காது. ஆனால் குடியோடும் பதற்றத்தோடும் போராடிய, இருபத்திரண்டு வயதைத் தாண்டாத ஒருவர் அவர். அதே ஆண்டு வந்த ‘பேர் ட்ரீஸ்’ தொகுப்பில் அவருடைய ‘சன்னி சைட் ஆஃப் ஹெவன்’ என்ற இசைத்துண்டைக் கேட்டால், ஆல்பட்ராஸில் கிரீனோடு இழைந்த கை இது என்று உடனே தெரியும்.

பாப் வெஸ்டன்?

கர்வனுக்குப் பின் வந்தார், இரண்டு தொகுப்புகளில் வாசித்தார், தனிப்பட்ட உறவுச் சிக்கலால் 1973-இல் அனுப்பப்பட்டார்.

போலி ஃப்ளீட்வுட் மேக் ஒன்று சுற்றியது என்கிறார்களே?

வெஸ்டன் போனதும் அமெரிக்கப் பயணம் பாதியில் நின்றது. ‘ஃப்ளீட்வுட் மேக்’ என்ற பெயர் தனக்கே சொந்தம் என்று உரிமை கொண்டாடிய அன்றைய மேலாளர், முற்றிலும் வேறு ஆட்களைக் கொண்டு ஒரு குழுவை அமைத்து 1974 தொடக்கத்தில் அமெரிக்காவுக்கு அனுப்பினார். ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். வழக்கு நடந்தது, அசல் குழுவால் பல மாதங்கள் மேடையேற முடியவில்லை. இந்தச் சிக்கலுக்கு நடுவேதான் அவர்கள் கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். வரப்போகும் பெரும் மாற்றத்துக்கு இந்தத் தொல்லைதான் வாசல் திறந்தது.

இத்தனை பேர் போன பிறகும் பெயரை ஏன் மாற்றவில்லை?

பெயரைப் பாருங்கள். ‘ஃப்ளீட்வுட்’ டிரம்ஸ் வாசித்தவர்; ‘மேக்’ பேஸ் வாசித்த மெக்வீ. கிட்டார் கலைஞரின் பெயர் அதில் இல்லவே இல்லை. பெயர் வைத்தவர் பீட்டர் கிரீன். மேயால் பரிசாகக் கொடுத்த ஒலிப்பதிவு நேரத்தில் பதிவு செய்த ஓர் இசைத்துண்டுக்கு, தாளக்காரர்கள் இருவரின் பெயரையும் சேர்த்து அப்படிப் பெயரிட்டார். அதுவே குழுவின் பெயராயிற்று. மெக்வீயோ மேயால் தரும் நிலையான சம்பளத்தை விட மனமில்லாமல் தொடக்கத்தில் குழுவில் சேரவே இல்லை. 1967 ஆகஸ்டில் வின்ட்சர் விழாவில் நடந்த முதல் கச்சேரியில் பேஸ் வாசித்தவர் வேறொருவர். சேராத மனிதரின் பெயரையும் வைத்துக்கொண்டுதான் குழு மேடையேறியது.

தான் ஒருநாள் போய்விடக்கூடும், அப்போது மிக்கிடமும் ஜானிடமும் இது இருக்கட்டும் என்று கிரீன் நினைத்ததாக ஃப்ளீட்வுட் நினைவுகூர்ந்திருக்கிறார். குழுவின் வரலாறு முழுவதும் அந்தப் பெயருக்குள் இருக்கிறது. முன்னால் நிற்பவர் மாறுவார். பின்னால் தாளம் போடும் இருவர் இருப்பார்கள். ஃப்ளீட்வுட்டின் டிரம்ஸ் கொஞ்சம் ஒழுங்கற்றது, மெக்வீயின் பேஸ் அலட்டாமல் பாடுவது. 1968 பதிவையும் 1977 பதிவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். மேலே உள்ள எல்லாம் மாறியிருக்கும், தரை அதேதான்.

அப்படியென்றால் லிண்ட்ஸி பக்கிங்ஹாம்தான் கடைசியில் கிரீனின் இடத்தை நிரப்பினாரா?

இடமே வேறாகிவிட்டது. 1974 இறுதியில் ஃப்ளீட்வுட், லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் சவுண்ட் சிட்டி என்ற ஒலிப்பதிவுக்கூடத்தைப் பார்க்கப் போனார். கூடத்தின் ஒலித்தரத்தைக் காட்டுவதற்காகத் தயாரிப்பாளர் கீத் ஓல்சன், பக்கிங்ஹாமும் ஸ்டீவி நிக்ஸும் 1973-இல் வெளியிட்ட தொகுப்பிலிருந்து ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினார். அதற்குச் சில வாரங்களில் வெல்ச் விலக, ஃப்ளீட்வுட்டுக்கு அந்தக் கிட்டார் நினைவுக்கு வந்தது. ஸ்டீவியும் வருவதானால் வருகிறேன் என்றார் பக்கிங்ஹாம். தேடியது ஒரு கிட்டார் கலைஞரை. கிடைத்தது இரண்டு பாடலாசிரியர்கள்.

பக்கிங்ஹாம் பிளெக்ட்ரம் (தந்தியை மீட்டும் சிறு தகடு) இல்லாமல் விரல்களாலேயே மீட்டுபவர். ப்ளூஸ் அவருடைய தாய்மொழி அல்ல. ஆனாலும் தொடக்கக் கச்சேரிகளில் கிரீனின் ‘ஓ வெல்’ பாடலை அவர்தான் வாசித்துப் பாடினார். தனக்கு உரியதல்லாத அந்தப் பாட்டை மரியாதையோடு சுமந்தபடியே தன் பாடல்களுக்கு இடம் தேடினார். 1975-இல் வந்த தொகுப்பு அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்கு வர ஓராண்டுக்கும் மேல் பிடித்தது. அடுத்தது ‘ரூமர்ஸ்’, 31 வாரம் முதலிடம்.

1987-இல் ஒருவருக்குப் பதில் இருவரை எடுத்தது ஏன்?

‘டேங்கோ இன் தி நைட்’ வெளிவந்த சில மாதங்களில், சுற்றுப்பயணத்துக்கு வர மறுத்துப் பக்கிங்ஹாம் விலகினார். ஒலிப்பதிவில் அவர் கிட்டாருக்கு மேல் கிட்டாராக, குரலுக்கு மேல் குரலாக அடுக்கியவர். அந்த அடுக்கை மேடையில் ஒரே ஆள் கொண்டுவருவது கடினம். ரிக் வீட்டோவும் பில்லி பர்னெட்டும் வந்தார்கள். வீட்டோ ப்ளூஸில் ஊறியவர், அதனால் கிரீன் காலத்துப் பாடல்கள் மேடையில் மறுபடி உயிர்பெற்றன. கச்சேரிகள் நன்றாக இருந்தன. 1990-இல் வந்த ‘பிஹைண்ட் தி மாஸ்க்’ தொகுப்பு எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை. முதல் முறையாக, போனவர் விட்டுச்சென்ற வடிவத்துக்குள் வந்தவர்களைப் பொருத்தப் பார்த்தார்கள் என்று தோன்றுகிறது.

2018-இல் நடந்தது?

பக்கிங்ஹாம் ஏப்ரலில் நீக்கப்பட்டார், வழக்குத் தொடுத்தார், ஆண்டு முடிவதற்குள் சமரசம் ஆயிற்று. ராக் பாடகர் டாம் பெட்டியோடு பல பத்தாண்டுகள் வாசித்த மைக் கேம்பெலும், க்ரவுடட் ஹவுஸ் குழுவின் நீல் ஃபின்னும் வந்தார்கள். மறுபடியும் ஒருவருக்கு இருவர். புதிய தொகுப்பு எதுவும் வரவில்லை. அந்தப் பயணத்தில் ‘ஓ வெல்’ பாடலைக் கேம்பெல் பாடினார். கிரீன், பக்கிங்ஹாம், வீட்டோ, கேம்பெல் என்று கை மாறி வந்த அந்த ஒரு பாட்டின் மேடைப் பதிவுகளை வரிசையாகக் கேட்பது குழுவின் முழு வரலாற்றையும் கேட்பதற்குச் சமம்.

மற்றக் குழுக்களும் இப்படித்தான் சமாளித்தனவா?

ஒவ்வொன்றும் ஒரு வழி. ஜெனசிஸ் குழுவிலிருந்து ஸ்டீவ் ஹேக்கெட் 1977-இல் போனபோது, பேஸ் வாசித்த மைக் ரதர்ஃபோர்டே ஒலிப்பதிவில் கிட்டாரையும் ஏற்றுக்கொண்டார். மேடைக்கு மட்டும் டேரில் ஸ்டூமர். மிக் டெய்லர் 1974 டிசம்பரில் விலகியபோது ரோலிங் ஸ்டோன்ஸ் குழு ரான் வுட்டை எடுத்தது. டெய்லரைப் போல நீண்ட தனி வாசிப்பு இல்லாமல், கீத் ரிச்சர்ட்ஸோடு பின்னிப் பிணைந்து வாசிப்பவர் வுட்.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

1969-இல் வந்த ‘தென் ப்ளே ஆன்’, பிறகு ‘கில்ன் ஹவுஸ்’, பிறகு ‘பேர் ட்ரீஸ்’. இந்த வரிசையில் கேளுங்கள். பலர் முதலாவதிலிருந்து நேராக 1975-க்குத் தாவிவிடுகிறார்கள். நடுவில் உள்ள ஆண்டுகளில்தான், என்ன செய்வதென்று தெரியாத மனிதர்கள் கலைந்துபோகாமல் தேடிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அவர்களை மிகவும் பிடிக்கும்.

பீட்டர் கிரீன் பிறகு என்ன ஆனார்?

நீண்ட காலம் மருத்துவமனைகளிலும் தனிமையிலும் கழிந்தது. 1979-இல் தனித் தொகுப்போடு திரும்பினார், 1990-களில் ஸ்ப்ளின்டர் குரூப் என்ற குழுவோடு மறுபடி மேடையேறினார். புகழ் மண்டப விழாவில் சந்தானாவோடு சேர்ந்து ‘பிளாக் மேஜிக் வுமன்’ வாசித்தார். அவருடைய லெஸ் பால் கிட்டார் முதலில் கேரி மூரிடமும் பின்னர் மெட்டாலிகாவின் கர்க் ஹேமெட்டிடமும் போய்ச் சேர்ந்தது.

2020 பிப்ரவரி 25 அன்று லண்டன் பல்லேடியம் அரங்கில் அவருடைய பாடல்களுக்காக மிக் ஃப்ளீட்வுட் ஒரு கச்சேரி நடத்தினார். ஹேமெட் அந்தக் கிட்டாரைக் கொண்டுவந்து ‘தி கிரீன் மனலிஷி’ வாசித்தார். 1971-இல் புத்தகக் கடைக்குப் போன ஜெரமி ஸ்பென்சரும் மேடைக்கு வந்து ஸ்லைடு கிட்டார் வாசித்தார். கிரீன் அங்கே இல்லை. ஐந்து மாதம் கழித்து, ஜூலை 25-இல், தம் 73-ஆம் வயதில் காலமானார்.